கப்பல்காரர்களுக்கு எங்கள் வீட்டில் காப்பி

2025 பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை. கப்பல் நாள் என்பதால் மூன்று மணிக்கு எழுந்தேன். குளித்துவிட்டு, முதல் நாளே இஸ்திரி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டேன். மனைவி ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்திருந்த காப்பியில் பாதியைக் குடித்தேன். மீதி அருப்புக்கோட்டை தாண்டியதும் குடிப்பதற்கு. பையைத் திறந்து ஒருமுறை சரிபார்த்தேன். கோயில் கல்தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாதவர்களுக்கு வெள்ளைக் காலுறைகள், அரை டிரவுசரில் வருகிறவர்களுக்கு இடுப்பில் சுற்றிவிட நாலைந்து வேட்டிகள், தலைவலி மாத்திரை, எலுமிச்சை மிட்டாய். மூன்றரைக்கு பஸ் தெருமுனைக்கு வந்தது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அன்றைய நேரங்களை அவருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டினேன். அவர் வழக்கம்போல, "மனப்பாடமா இருக்குண்ணே, படுங்க" என்றார்.

மதுரையில் ஒரு சிறிய டிராவல்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். குளிர்காலத்தில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றும் உல்லாசக் கப்பல்களில் ஒன்றிரண்டு, தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு பகல் மட்டும் நிற்கும். அதில் வருகிறவர்களில் ஒரு பஸ் அளவுக்கு ஆட்கள் மதுரையைப் பார்க்க ஆசைப்படுவார்கள். காலையில் அவர்களைக் கூட்டிவந்து, கோயிலைக் காட்டி, சாப்பாடு போட்டு, சாயங்காலம் கப்பல் கிளம்புவதற்குள் திருப்பிக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு.

இந்த வேலையில் முக்கியமானது நேரம். கப்பல் கம்பெனி மூலம் போன பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும் என்று பயணிகளிடம் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அப்படி ஒருமுறை காத்திருக்க வைத்த ஏஜெண்டை அடுத்த வருடம் கூப்பிடமாட்டார்கள். ஆகவே மதுரையிலிருந்து துறைமுகத்துக்குப் போக மூன்று மணி நேரம் ஆகும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். உண்மையில் இரண்டரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரம் இருப்பது டிரைவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். டயர் பஞ்சரானால், யாராவது வெயிலில் மயங்கி விழுந்தால் எடுத்துக்கொள்வதற்கு. இதுவரை அநேகமாக எடுத்ததே இல்லை. மற்ற ஊர்களுக்குப் போன பஸ்கள் வேகவேகமாக வந்து நுழையும்போது எங்கள் பஸ் முன்பே போய் நின்றுகொண்டிருப்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

துறைமுகத்தில் பயணிகள் இறங்கி வந்தபோது அவர்களுக்கு முன்னால், பஸ் நம்பர் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி கப்பல் ஊழியர் ஒருவர் வந்தார். ஒவ்வொரு பஸ்ஸோடும் இப்படி ஒருவர் வருவார். எஸ்கார்ட் என்பார்கள். முதலுதவிப் பையைச் சுமப்பதும், இறங்கும்போதும் ஏறும்போதும் தலைகளை எண்ணுவதும், போய்ச் சேர்ந்ததும் பயணம் எப்படி இருந்தது என்று கப்பல் அலுவலகத்துக்கு ரிப்போர்ட் கொடுப்பதும் அவர் வேலை. அந்த ரிப்போர்ட்டுக்காகவே எஸ்கார்ட்டுகளை நான் நன்றாகக் கவனித்துக்கொள்வேன்.

வழக்கமாக வெள்ளைக்காரப் பெண்ணோ, பிலிப்பைன்ஸ்காரரோ வருவார்கள். இவர் நம் முகமாக இருந்தார். முப்பது வயதிருக்கும். ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிவிட்டு, என் சட்டைப் பையில் தைத்திருந்த டிராவல்ஸ் பெயரையும் ஊரையும் பார்த்ததும், "சார் மதுரையா? நமக்கு விளாங்குடி" என்றார். அதற்குப் பிறகு சாரை விட்டுவிட்டு அண்ணே என்றே கூப்பிட்டார்.

கப்பலில் அறை ஊழியர் வேலை. படுக்கை விரிப்பது, குளியலறை கழுவுவது, மாலையில் மறுபடி போய்ப் போர்வையை மடித்துவிட்டு தலையணையில் சாக்லேட் வைப்பது. எஸ்கார்ட்டாகப் போக யார் வேண்டுமானாலும் பெயர் கொடுக்கலாம். ஆனால் தன் ஓய்வு நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், தன் பகுதி அறைகளை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த மதுரை பஸ்ஸுக்காக அவர் பல துறைமுகங்களில் வெளியே போகாமல், மற்றவர்களுடைய அறைகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறார். இதையெல்லாம் பஸ் கிளம்பிய பிறகு என் பக்கத்தில் நின்றபடி சொன்னார். ஏன் இவ்வளவு மெனக்கெட்டார் என்பதை மட்டும் அப்போது சொல்லவில்லை.

எட்டயபுரம் தாண்டியதும் மைக்கை எடுத்து என் வழக்கமான உரையைப் பேசினேன். கோயிலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர்களுடைய கப்பல்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுவது நானே கண்டுபிடித்த வழி. வந்தவர்களுக்கு அது பிடிக்கும். லண்டனிலிருந்து இந்தியாவுக்குத் தபால் மூட்டைகளையும் துரைமார்களையும் ஏற்றிவந்த கப்பல்கள்தான் இவற்றின் பாட்டன்மார். சும்மா கிடக்கும் காலத்தில் பணக்காரர்களை மத்தியதரைக் கடலுக்கு வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போய்ப் பழகியதுதான் இந்த உல்லாசப் பயணத்தின் தொடக்கம். விமானம் வந்து ஆட்களைப் பிடுங்கிக்கொண்ட பிறகு, ஊருக்கு ஊர் கொண்டுபோய் விடும் வேலை போய், சுற்றிக்காட்டுவதே முழு வேலையாகிவிட்டது. இதைச் சொல்லிவிட்டு, அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை இந்தியக் கைகள்தான் இந்தக் கப்பல்களை ஓட்டுகின்றன என்று முடிப்பேன். அன்று அதோடு எஸ்கார்ட்டையும் கைகாட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் தலைகுனிந்து சிரித்தார்.

மைக்கை வைத்ததும் என் பக்கம் குனிந்து, "அண்ணே, நம்மாளுகள எங்க படுக்கப் போட்டாகன்னு சொல்லவே இல்லியே" என்றார்.

எனக்குத் தெரியாமல் இல்லை. இந்திய மாலுமிகளுக்கு வேறு ஒப்பந்தம், குறைந்த சம்பளம், வெள்ளைக்காரருக்கு ஒதுக்கியதைவிடக் குறைந்த இடம் என்று சட்டமே அனுமதித்திருந்ததைப் படித்திருக்கிறேன். கொதிகலன் சூட்டில் நிலக்கரி அள்ளியவர்களைப் பற்றியும் படித்திருக்கிறேன். உல்லாசமாக வந்தவர்களிடம் அதை எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன். அதை அவரிடமும் சொன்னேன். "அதுவும் சரிதாண்ணே. அவுக காசு குடுத்து வந்திருக்காக" என்றார். அவர் கிண்டல் செய்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

கோயிலில் எல்லாம் நேரப்படி நடந்தது. நடை சாத்துவதற்கு வெகு முன்பே வெளியே வந்து, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தோம். அப்போதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். அவருக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. அவர் கப்பலில் இருக்கும்போதுதான் பிறந்தது. வீடியோவில் பார்த்திருக்கிறார், கடலுக்கு நடுவில் படம் அடிக்கடி நின்றுவிடும். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்ப இன்னும் நான்கு மாதங்களுக்கு மேல் இருக்கிறது.

"பிள்ளைகள விட்டுட்டு நான் எங்கயும் நகர முடியாதுண்ணே" என்றார். பயணிகளைத்தான் பிள்ளைகள் என்றார். "எண்ணிக்கை என் பொறுப்பு. ஆனா நாம நிக்கிற எடத்துக்கு அவ பிள்ளையத் தூக்கிட்டு வந்தான்னா, ஒரு அஞ்சு நிமிசம் பாத்துக்குவேன். ஒங்களுக்கு எதுவும் சங்கடம் இல்லியே?"

சங்கடம் என்ன, அதுதான் மனுசத்தனம் என்கிற மாதிரி பேசினேன். மத்தியானச் சாப்பாடு ஓட்டலில். அங்கே கூட்டமாக இருக்கும். அதற்குப் பிறகு கே.கே. நகரில் எங்கள் வீட்டில் முப்பத்தைந்து நிமிடம் நிற்போம், அங்கேயே வரச் சொல்லுங்கள் என்றேன். அவருடைய போன் கரையில் வேலை செய்யவில்லை. என் போனைக் கொடுத்தேன். என் பக்கத்தில் நின்றபடியே மனைவியிடம் பேசினார். விலாசத்தைச் சொல்லிவிட்டு, "ஒரு அண்ணன் வீடு. ரொம்ப நல்ல மனுசன். அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஒண்ணே முக்காலுக்குள்ள வந்துரு" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்ததையும் எழுதிவிட வேண்டும்.

வீட்டில் நிற்பது என்றேன் அல்லவா, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண இந்தியக் குடும்பம் ஒன்றைப் பார்ப்பது அந்தப் பயணத் திட்டத்தில் ஓர் அம்சம். அந்தச் சாதாரணக் குடும்பம் நாங்கள்தான். கப்பல் வருகிற நாளில் டி.வி. மேல் ஒரு பட்டுத் துணி விழும். வாஷிங் மெஷினை மறைத்து ஸ்கிரீன் தொங்கும். நாங்கள் தினமும் காப்பி குடிப்பது பீங்கான் கோப்பையில். அன்றைக்குப் பரணிலிருந்து பித்தளை டவரா செட் இறங்கும். காலையில் போட்ட கோலம் அழிந்திருக்கும் என்பதால், மத்தியானம் பன்னிரண்டரைக்கு மனைவி வாசலைக் கழுவிப் புதிதாகக் கோலம் போடுவாள். எதிர்வீட்டு அம்மா மாடியில் துணி காயப்போட்டபடி, "உச்சி வெயில்ல கோலமா? அப்ப கப்பல் வந்துருச்சு" என்பார். நாங்களும் சிரிப்போம்.

வாசலைக் காவல் காப்பது என் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் நிற்கும் பஸ்ஸைக் கண்டால் எங்கிருந்தாவது ஆட்கள் வருவார்கள். பொம்மை விற்கிறவர்கள், கைக்குழந்தையைக் காட்டிக் காசு கேட்கிற பெண்கள். பயணிகளை யாரும் நெருங்கக் கூடாது என்பது கப்பலின் கண்டிப்பான நிபந்தனை. ஆகவே அவர்கள் உள்ளே போனதும் நான் கேட்டுக்கு வெளியே வந்து நின்றுகொள்வேன்.

அன்றைக்கு உதவிக்கு வரும் பெண் வரவில்லை. மனைவி தனியாகத் திண்டாடினாள். எஸ்கார்ட் வாசற்படியருகே தெருவைப் பார்த்தபடி நின்றிருந்தார். நான்தான் அவரிடம், "தம்பி, ஒரு கை குடுங்களேன். ஒங்களுக்குத் தெரியாததா" என்றேன். அவர் ஒருமுறை தெருமுனையைப் பார்த்தார். பிறகு முதலுதவிப் பையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். பித்தளை டம்ளர்கள் நிறைந்த பெரிய தட்டை ஒற்றைக் கையில் ஏந்தி, ஒரு சொட்டுச் சிந்தாமல் அவர் வருவதைப் பார்த்து ஒரு வயதான பயணி, இங்கேயும் உங்களுக்கு விடுமுறை இல்லையா என்று ஆங்கிலத்தில் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

ஒன்றே முக்காலுக்குச் சற்று முன்னால் தெருமுனையில் இரண்டு பெண்கள் திரும்பினார்கள். மூத்தவர் பழைய சேலையில், கையில் துணிப்பை. இளையவள் தோளில் குழந்தையைப் போட்டு, வெயிலுக்குத் துண்டால் மூடியிருந்தாள். இருவரும் வியர்த்துப்போயிருந்தார்கள். வீட்டு எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி வந்தார்கள். பஸ்ஸைக் கண்டதும் வேகமாக நடந்தார்கள்.

நான் கையை நீட்டி, போ என்று காட்டினேன். அவர்கள் புரியாமல் இன்னும் கிட்ட வந்தார்கள். மூத்தவர், "ஐயா, நாங்க..." என்று ஆரம்பித்தார்.

"போங்கம்மா, போங்க. இங்கெல்லாம் நிக்கக் கூடாது. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்துர்றீங்க" என்றேன்.

கத்தவில்லை. பயணிகளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று தாழ்ந்த குரலில், முகத்தில் சிரிப்பை மாற்றாமல் சொன்னேன். அந்தச் சிரிப்பு பழக்கத்தில் வருவது. இளையவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு குழந்தையின் துண்டைச் சரிசெய்துகொண்டு, மூத்தவரின் கையைப் பிடித்து இழுத்தாள். அவர், "இந்த வீடுதானடி" என்று சொன்னதுகூட என் காதில் விழுந்தது. விழுந்தும் அது எனக்கு உறைக்கவில்லை. அவர்கள் திரும்பி நடந்து தெருமுனையில் மறைந்தார்கள். வேலையைச் சத்தமில்லாமல் முடித்த நிம்மதியோடு உள்ளே எட்டிப் பார்த்தேன். எஸ்கார்ட் சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எப்படி அது தோன்றாமல் போயிற்று என்று அதற்குப் பிறகு பலமுறை யோசித்துவிட்டேன். அவர்கள் வருவது எனக்குத் தெரியும். நேரமும் நான் சொன்னதுதான். ஆனால் கப்பலில் வேலை பார்ப்பவரின் குடும்பம் என்றதும் நான் மனதுக்குள் ஒரு காரை வரவழைத்திருக்கிறேன். காரிலிருந்து நல்ல சேலை கட்டிய ஒருத்தி இறங்குவாள், குழந்தைக்குத் தொப்பி போட்டிருப்பாள் என்று முடிவுசெய்திருக்கிறேன். வெயிலில் நடந்து வந்த கருத்த முகங்களையும் துணிப்பையையும் பார்த்த மாத்திரத்தில் என் கை நீண்டுவிட்டது. அதற்கு மேல் அதில் எந்த நுணுக்கமும் இல்லை.

புறப்பட வேண்டிய நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் பயணிகளை ஏற்றினோம். எஸ்கார்ட் பஸ் படியில் நின்று எண்ணினார். எண்ணி முடித்தும் இறங்கித் தெருவைப் பார்த்தார். நான் நேரம் பார்க்கப் போனை எடுத்தேன். வீட்டுக்குள் போகும்போது அதை மௌனத்தில் வைப்பது என் வழக்கம். பெயர் பதியாத ஓர் எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள் தவறியிருந்தன. காலையில் அவர் என் போனில் அழுத்திய எண் அது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துண்டு மூடிய குழந்தை, வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டு வந்தது, இந்த வீடுதான் என்றது, எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

அவர் என்னிடம் வந்து, "போன் எதுவும் வந்துச்சாண்ணே?" என்றார்.

"இல்லியே தம்பி" என்றேன்.

அந்தப் பெண்கள் போய் அதிக நேரம் ஆகவில்லை. திருப்பிக் கூப்பிட்டிருந்தால் பக்கத்துப் பஸ் நிறுத்தத்திலிருந்தே திரும்பி வந்திருப்பார்கள். என்னிடம் யாருக்கும் தெரியாத அரை மணி நேரம் இருந்தது. பயணிகளிடம் டயரில் காற்று சரிபார்க்கிறோம் என்று சொன்னால் போதும். டிரைவர் ஒன்றும் கேட்க மாட்டார். இவ்வளவும் அந்த நொடியில் எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் அவர்கள் வந்தால் என்னை அடையாளம் கண்டுகொள்வார்கள். பஸ்ஸுக்கு முன்னால், பயணிகளுக்கு முன்னால், என் வீட்டு வாசலில் வைத்து, இவர்தான் விரட்டினார் என்று சொல்வார்கள். முதலில் எனக்கு வந்த கவலை குழந்தையைப் பற்றியது அல்ல, அவர் எழுதப்போகும் ரிப்போர்ட்டைப் பற்றியது.

"கெளம்பலாம்" என்று டிரைவரிடம் சொன்னேன். சரியாக இரண்டு மணி.

திரும்பும் வழி முழுவதும் அவர் என் பக்கத்து சீட்டில் இருந்தார். பயணிகள் தூங்கிவிட்டார்கள். என்னைச் சமாதானப்படுத்துகிறவர் போல அவரே பேச ஆரம்பித்தார். "ஆரப்பாளையத்துல எறங்கி வேற பஸ் பிடிக்கணும்ல, அங்கன கூட்டமா இருந்திருக்கும்" என்றார். நான் ஆமாம் என்றேன்.

கப்பலைப் பற்றி நானே கேட்டேன். அவர் அந்தப் பேச்சை விட்டு வேறு எதையாவது பேசினால் போதும் என்றிருந்தது. அவர் சந்தோஷமாகவே சொன்னார். பயணிகளின் நடைபாதையில் தரைவிரிப்பு கால் புதையும். சுவரோடு சுவராக ஒரு கதவு இருக்கும். அதைத் தள்ளினால் மறுபக்கம் வெறும் பெயிண்ட் அடித்த இரும்பு. கீழே கப்பலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு நீண்ட வழி. சாமான் வண்டிகள், அழுக்குத் துணி மூட்டைகள், ஷிப்டுக்கு ஓடுகிறவர்கள் எல்லாம் அதில்தான். பழைய ஆங்கிலேய மாலுமிகள் வைத்த பெயரில் அதை இன்றும் பர்மா ரோடு என்கிறார்கள். பர்மாவிலிருந்து நடந்தே வந்த குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. வேறு நாளாக இருந்தால் அதைச் சொல்லி நிறையப் பேசியிருப்பேன்.

சவுத்தாம்டன் துறைமுகத்தில் ஒரு பயணம் முடிந்து இன்னொன்று தொடங்குகிற நாளைப் பற்றிச் சொன்னார். காலையில் பழைய ஆட்கள் இறங்குவார்கள். மத்தியானம் புது ஆட்கள் ஏறுவார்கள். அதற்குள் ஒவ்வொரு அறையிலும் முன்பு ஒருவர் இருந்ததற்கான அடையாளமே இல்லாமல் செய்துவிட வேண்டும். ஒரு தலைமுடிகூடக் கிடக்கக் கூடாது. வழியில் பயணி எதிரே வந்தால் ஒதுங்கி நின்று, சிரித்து, வணக்கம் சொல்ல வேண்டும். சிரிப்பதற்கே வகுப்பு எடுத்திருக்கிறார்கள். அவர் தூங்குவது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், இரண்டு பேருக்கு மேலும் கீழுமாகப் படுக்கை. படுக்கைக்கு ஒரு திரை உண்டு. அந்தத் திரைக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் குழந்தையை வீடியோவில் பார்ப்பாராம். மேல்படுக்கை கோவாக்காரர், "மாப்ள மறுபடியும் தியேட்டருக்குப் போயிட்டான்" என்று இந்தியில் கிண்டல் செய்வாராம். குழந்தை பிறந்த செய்தி வந்தபோது ஒரு கிழவி அறையில் படுக்கை விரித்துக்கொண்டிருந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அந்தக் கிழவி அவர் கையிலிருந்து விரிப்பை வாங்கி வைத்துவிட்டு, பத்து நிமிடம் உட்காரச் சொன்னாராம். "கப்பல்ல பயணி அறையில நான் உக்காந்தது அந்த ஒரு தடவதாண்ணே" என்றார்.

அருப்புக்கோட்டை தாண்டியதும், "அண்ணே, ஒரு தடவை போனக் குடுங்களேன். என்னாச்சுன்னு கேட்டுக்கிறேன்" என்றார்.

போனைக் கொடுப்பதற்கு முன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அந்த மூன்று அழைப்புகளையும் அழித்தேன். வெளிச்சம் கண்ணாடியில் அடிக்கிறது என்பதுபோலப் போனைச் சாய்த்துப் பிடித்திருந்தேன். இதை ஐம்பத்திரண்டு வயதில் செய்தேன்.

அவர் பேசியதில் ஒரு பக்கம்தான் எனக்குக் கேட்டது. எங்கே இருக்கிறாய் என்றார். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ரோட்டையே பார்த்தேன். இப்போது திரும்புவார், இப்போது திரும்புவார் என்றிருந்தது. அவரோ, "லேட்டாயிருச்சா? சரி விடு. நீ என்ன செய்வ, பஸ்ஸுல கூட்டம்னா. அழுகாத. அம்மாட்டக் குடு" என்றார். அம்மாவிடமும் அதையேதான் பேசினார். போனைத் திருப்பிக் கொடுத்து, "நான் சொன்னேன்ல, ஆரப்பாளையத்துலயே லேட்டாம்" என்றார். கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. புரியாவிட்டாலும் மூச்சு சீராக வந்தது.

துறைமுகத்தில் எங்கள் பஸ்தான் முதல். அரை மணி நேரம் முழுதாக மிஞ்சியிருந்தது. பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி என் கையைக் குலுக்கினார்கள். உங்கள் வீடுதான் மிகவும் பிடித்தது என்றார் ஒருவர். கடைசியாக எஸ்கார்ட் தன் தோள்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். குழந்தைக்குச் சவுத்தாம்டனில் வாங்கியதாம். கம்பளிச் சட்டை. "வெயிலடிக்கிற ஊருக்குக் கம்பளியான்னு சிரிக்காதீகண்ணே, அங்கன அதுதான் அழகா இருந்துச்சு" என்றார். விளாங்குடியில் ரேஷன் கடைக்கு எதிர்ச் சந்தில், வெளியே மாடிப்படி இருக்கும் வீடு என்று அடையாளம் சொன்னார். யார் மூலமாவது கொடுத்துவிட்டால் போதும், அவசரம் இல்லை என்றார். ரிப்போர்ட்டில் எல்லாம் நன்றாக எழுதிவிடுவதாகவும், அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொன்னார். நான் கவலைப்படுவது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டவரா செட்டைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்திவிட்டு, "அந்தப் பையன் டம்ளரக் கழுவயில வாசலப் பாத்துப் பாத்துக் கழுவுனான். நான் கெளம்புற அவசரமின்னு நெனச்சேன்" என்றாள். பொட்டலத்தை ஆபீஸ் பையனிடம் கொடுத்து அனுப்பலாமா என்று கேட்டேன். அவள் மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை எழுந்ததும் முதல் வேலையாக ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு விளாங்குடிக்குப் போனேன். ரேஷன் கடை இன்னும் திறக்கவில்லை. வெளியே மாடிப்படி இருக்கும் வீட்டின் கதவைத் தட்டியதும் அவருடைய அம்மா திறந்தார். வாங்க என்று சொல்ல வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். பொட்டலத்தை நீட்டி, உங்கள் மகன் கொடுத்தனுப்பியது என்றேன். நேற்று வாசலில் நின்றது நான்தான் என்றேன்.

பின்னால் குழந்தையைத் தோளில் போட்டபடி மருமகள் வந்து நின்றாள். "தெரியும் சார்" என்றாள்.

தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று ஏதேதோ சொன்னேன். பஸ் தாமதம் என்று அவரிடம் ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பின்ன என்ன சொல்லச் சொல்றீக? அவருக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. யூனிபாரத்தப் போட்டுக்கிட்டு, வெள்ளைக்காரவுகளுக்கு முன்னாடி ஒங்க சட்டையப் பிடிச்சிருந்தார்னா அந்த வேலை என்னத்துக்காகும்? நாங்கதான் லேட்டுன்னு சொல்லிப்புட்டோம். அப்படியே இருக்கட்டும்." குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அடுத்த வருசம் அவரு ஒங்க பஸ்ஸுல வந்தாலும் நீங்க எதையும் சொல்லிப்புடாதீக."

சரிம்மா, சொல்ல மாட்டேன் என்றேன். அவள் பேசி முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிட்டேன்.